உள்ளூர் அலைவரிசைக்கு விலை வந்த வரலாறு

அமெரிக்காவில் ஓர் ஊரின் தொலைக்காட்சி நிலையம் காற்றில் பரப்பும் அலையை, கூரையில் ஆன்டெனா வைத்திருக்கும் எவரும் காலணா செலவின்றிப் பிடித்துப் பார்க்கலாம். அதே நிலையத்தை அதே வீட்டார் டிஷ் வழியாகப் பார்த்தால், அந்தச் சேவையை நடத்தும் நிறுவனம் நிலையத்தின் உரிமையாளருக்குச் சந்தாதாரர் ஒருவருக்கு மாதம் இவ்வளவு என்று பணம் கட்ட வேண்டும். அந்தத் தொகை கடைசியில் சந்தாதாரரின் மாதக் கட்டணத்திலேயே வந்து சேரும். சட்டம் இதனை மறுஒளிபரப்புக்கான ஒப்புதல் என்று அழைக்கிறது. அதாவது, நிலையம் எழுத்து மூலம் சம்மதம் தராமல் அதன் அலையை வேறொருவர் எடுத்து விற்கக் கூடாது என்பதும், அந்தச் சம்மதத்துக்கு நிலையம் விலை கேட்கலாம் என்பதும் அதன் பொருள். விலை படியாமல் ஒப்பந்தக் கெடு முடிந்துவிட்டால் அலைவரிசை மறைந்து, குற்றம் எதிர்த்தரப்பினுடையதே என்று சொல்லும் அறிவிப்பு ஒன்று அதன் இடத்தில் வந்து நிற்கும். இந்த நிலையை அங்கே இருட்டடிப்பு என்றே சொல்கிறார்கள்.

இந்தியாவில் கேரியேஜ் கட்டணம் என்ற சொல்லோடு பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றக்கூடும். ஏனெனில் இங்கே அச்சொல் குறிப்பது, அலைவரிசை நடத்துபவர் தம்மை ஏற்றிக்கொள்வதற்காகக் கேபிள் நிறுவனத்துக்குக் கொடுக்கும் தொகையை. அமெரிக்காவில் உள்ளூர் நிலையத்தின் பெயரால் பணம் ஓடும் திசை வேறு. அந்தத் திசையும்கூட இயல்பாக அமைந்ததன்று. ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகள் எந்தத் திசையிலும் ஓடாதிருந்த பணம், 1992இல் ஒரு சட்டத்தாலும், அதன்பின் வானில் வந்து நின்ற போட்டியாளர்களாலும் ஓடத் தொடங்கியது.

கேபிள் தொலைக்காட்சியின் தொடக்கம் மலை மறைவில் இருந்தது. 1948 செப்டம்பர் முதல் 1952 ஏப்ரல் வரை கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம், அதாவது அலைக்கற்றைக்கு உரிமம் வழங்கும் அமைப்பு, புதிய நிலையங்களுக்கு உரிமம் தருவதை நிறுத்தி வைத்திருந்ததால், நாடு முழுவதற்கும் 108 நிலையங்களே இருந்தன. பென்சில்வேனியாவின் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளில் தொலைக்காட்சிப் பெட்டி விற்க முனைந்த வணிகர்களுக்கு, பிலடெல்பியாவின் அலை மலையைத் தாண்டி இறங்காதது பெரும் தொல்லையாயிற்று. மஹனாய் சிட்டியிலும் லான்ஸ்ஃபோர்டிலும் ஆரகன் மாநிலத்து அஸ்டோரியாவிலும், உயரமான இடத்தில் ஆன்டெனாவை நட்டு அங்கிருந்து வீடுகளுக்குக் கம்பி இழுத்துக் கட்டணம் வாங்கும் தொழில் 1940களின் இறுதியிலும் 1950ஐ ஒட்டியும் முளைத்தது. சமுதாய ஆன்டெனா என்பதே அதற்கு அப்போது வழங்கிய பெயர். தங்கள் விளம்பரங்களைக் கூடுதலான கண்கள் பார்ப்பதால் நிலையங்கள் அதில் இழந்தது ஒன்றுமில்லை. சமுதாய ஆன்டெனாக்காரர் தங்களுக்குச் சேவகம் செய்வதாகவே பல நிலையங்கள் கருதின.

கம்பி வழியே தொலைதூர நகரங்களின் நிலையங்களும் வந்து உள்ளூர் நிலையத்தின் பார்வையாளர்களைப் பிரிக்கத் தொடங்கியபோது இந்த நல்லுறவு கசந்தது. திரைப்பட உரிமை வைத்திருந்த யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம், மேற்கு வர்ஜீனியாவின் இரு சிறு நகரங்களில் கேபிள் நடத்திய ஃபோர்ட்நைட்லி நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், கேபிள்காரர் நிகழ்ச்சியை நிகழ்த்துபவர் அல்லர், பார்வையாளருக்கு நல்ல ஆன்டெனா ஒன்றை அமைத்துக் கொடுப்பவர் மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் 1968இல் தீர்ப்பளித்தது. 1974இல் தொலைதூர நிலையங்களுக்கும் அதே வாதம் பொருந்தும் என்றது. நாடாளுமன்றம் 1976ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் இதை மாற்றி, கேபிள் நிறுவனங்கள் நிர்ணயித்த தொகையைச் செலுத்திவிட்டு யாரிடமும் பேரம் பேசாமல் நிகழ்ச்சிகளை எடுத்துக்கொள்ள வகைசெய்யும் கட்டாய உரிமத்தைக் கொண்டுவந்தது. இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும்: அந்தத் தொகை நிகழ்ச்சியின் பதிப்புரிமையாளருக்குரியது. நிகழ்ச்சிகளைச் சுமந்துவரும் அலை நிலையத்தின் தனிச் சொத்து, அதற்குத் தனி விலை உண்டு என்ற கருத்து அப்போது சட்டத்தில் இல்லை.

அந்தக் கருத்தைச் சட்டமாக்கியது 1992ஆம் ஆண்டுக் கேபிள் தொலைக்காட்சி நுகர்வோர் பாதுகாப்பு மற்றும் போட்டிச் சட்டம். இதற்கு முன் கேபிள் நிறுவனங்கள் உள்ளூர் நிலையங்களைக் கட்டாயம் ஏற்ற வேண்டும் என்று ஆணையம் இட்டிருந்த விதிகளை, 1985இலும் 1987இலும் மேல்முறையீட்டு நீதிமன்றம் கருத்துரிமைக்கு முரணானவை எனத் தள்ளிவிட்டிருந்தது. நிலையங்களுக்கு அச்சம் கூடியிருந்தது. கேபிள் கட்டணம் ஏறியதால் மக்களுக்குச் சினமும் கூடியிருந்தது. குடியரசுத் தலைவர் ஜார்ஜ் ஹெச். டபிள்யூ. புஷ் மசோதாவைத் தடுத்து மறுப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தினார். 1992 அக்டோபர் 5 அன்று செனட் 74க்கு 25, கீழவை 308க்கு 114 என்ற கணக்கில் அதை மீறி நிறைவேற்றின. அவருடைய பதவிக்காலத்தில் நாடாளுமன்றம் முறியடித்த மறுப்பு இது ஒன்றே. சட்டம் ஒவ்வொரு நிலையத்துக்கும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் உரிமையைத் தந்தது: என்னைக் கட்டாயம் ஏற்று என்று கேட்டால் பணம் கிடையாது, என் ஒப்புதலைப் பெற்று ஏற்று என்று கேட்டால் பணம் பேசலாம், ஆனால் பேச்சு முறிந்தால் இடம் போய்விடும். பார்ப்பாரற்ற சிறு நிலையங்கள் முதல் வழியையும், பெரிய நெட்வொர்க்குகளின் நிகழ்ச்சிகளை ஒளிபரப்பும் இணைப்பு நிலையங்கள் இரண்டாவது வழியையும் தேர்ந்ததில் வியப்பில்லை.

1993 இலையுதிர் காலத்தில் முதல் சுற்றுப் பேரம் நடந்தது; அதில் நிலையங்களுக்கு ரொக்கமாக ஏறக்குறைய ஒன்றும் கிடைக்கவில்லை. நாட்டின் மிகப் பெரிய கேபிள் நிறுவனமான டிசிஐ, ரொக்கம் தருவதில்லை என்று முடிவாகச் சொல்லிவிட்டது. ஒவ்வொரு ஊரிலும் கேபிள் ஒன்றே ஒன்று இருந்ததால் நிலையங்களுக்குப் போக்கிடமும் இல்லை. பெரிய நெட்வொர்க்குகள் ரொக்கத்துக்குப் பதிலாகக் கேபிளில் புதிய அலைவரிசைக்கு இடம் கேட்டுப் பெற்றன. ஏபிசி தரப்புக்கு ஈஎஸ்பிஎன் 2, ஃபாக்ஸுக்கு எஃப்எக்ஸ், என்பிசிக்கு பின்னாளில் எம்எஸ்என்பிசியாக மாறிய ஓர் அலைவரிசை ஆகியவை இவ்வாறு பிறந்தவையே. ரொக்கமே வேண்டும் என்று நின்ற சிபிஎஸ் வெறுங்கையுடன் இணங்க நேர்ந்தது. கட்டணத்தை உண்டாக்கிய சட்டத்தின் முதல் விளைவு கட்டணமாக இல்லாமல் விளையாட்டு அலைவரிசையாக அமைந்தது இந்த வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

பணத்தை உண்மையில் ஓடவிட்டது செயற்கைக்கோள் சேவை. 1994இல் டைரெக்டிவியும், 1996இல் சார்லி எர்கன் தலைமையிலான எக்கோஸ்டார் நிறுவனத்தின் டிஷ் நெட்வொர்க்கும், பெரிய தட்டு அளவே உள்ள சிறு டிஷ் கொண்டு வீட்டுக்கு நேரே ஒளிபரப்பத் தொடங்கின. நிலநடுக்கோட்டுக்கு மேல் ஏறத்தாழ 35,800 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் ஒரு செயற்கைக்கோளின் பார்வையில் மெய்ன் முதல் கலிஃபோர்னியா வரை எல்லாம் ஒரே பரப்புத்தான். அதற்கு உள்ளூர் என்று ஒன்று கிடையாது. நியூயார்க்கின் சிபிஎஸ் நிலையத்தை ஏற்றினால் அது நாடெங்கும் விழும். அப்படி விழுந்தால் ஒவ்வோர் ஊரிலும் சிபிஎஸ் நிகழ்ச்சிகளுக்குத் தனியுரிமை வாங்கி வைத்திருக்கும் இணைப்பு நிலையத்தின் பிழைப்புப் போய்விடும். பெரிய டிஷ்களின் காலத்திலேயே இதை முன்னிட்டு 1988இல் இயற்றிய செயற்கைக்கோள் வீட்டுப் பார்வையாளர் சட்டம், தொலைதூர நெட்வொர்க் நிலையங்களைச் சேவை எட்டாத வீடுகளுக்கு மட்டுமே தரலாம் என்றது. சாதாரணக் கூரை ஆன்டெனாவால் குறிப்பிட்ட வலிமையுள்ள, கிரேடு பி எனப்பட்ட அலையைப் பெற இயலாத வீடே சேவை எட்டாத வீடு. பென்சில்வேனியாவின் மலை மறைவு, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் இவ்வாறு ஒரு சட்ட வரையறைக்குள் வந்து அமர்ந்தது.

வரையறை நுட்பமானது, விற்பனையாளர்கள் அவ்வளவு நுட்பமானவர்கள் அல்லர். உங்கள் வீட்டில் படம் தெளிவாக வருகிறதா என்று கேட்டு, இல்லை என்ற பதிலையே சான்றாகக் கொண்டு தொலைதூர நிலையங்களை விற்றார்கள். சிபிஎஸ்ஸும் ஃபாக்ஸும் பிரைம்டைம் 24 என்ற இடைநிலை நிறுவனத்தின் மீது மயாமியில் தொடுத்த வழக்கில் 1998இல் தடையாணை வந்து, டைரெக்டிவியின் சந்தாதாரர்கள் பலர் தம் நெட்வொர்க் நிலையங்களை இழக்கும் நிலை உருவாயிற்று. பார்வையாளர்களின் கோபம் நாடாளுமன்றத்தை எட்ட, 1999 நவம்பரில் திருத்தச் சட்டம் வந்தது. இதன்படி செயற்கைக்கோள் நிறுவனம் ஓர் ஊரின் நிலையங்களை அந்த ஊருக்கே திருப்பித் தரலாம். அதற்குப் பதிப்புரிமைத் தொகை கூட வேண்டியதில்லை. ஆனால் நிலையத்தின் ஒப்புதல் வேண்டும். ஓர் ஊரில் ஒரு நிலையத்தை இந்த உரிமத்தின்கீழ் ஏற்றினால், கேட்கும் மற்ற நிலையங்கள் அனைத்தையும் ஏற்றியாக வேண்டும் என்ற விதி 2002 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

உள்ளூர் இல்லாத கருவிக்கு இப்படி உள்ளூரைச் சட்டம் செய்து கொடுக்க வேண்டியிருந்தது. பொறியியலும் அதன் பின்னால் வந்தது. நாடு முழுவதும் படரும் கற்றைக்குப் பதிலாகச் சில நூறு கிலோமீட்டர் அகலத்தில் மட்டும் விழும் குறுங்கற்றைகளை வீசும் செயற்கைக்கோள்களை 2001 இறுதியிலும் 2002 தொடக்கத்திலும் இரு நிறுவனங்களும் ஏவின. ஒரே அலைக்கற்றையைப் பல ஊர்களுக்கு மறுபடி மறுபடி பயன்படுத்த இது வழிசெய்தது. இடநெருக்கடி அப்படியும் தீரவில்லை. எக்கோஸ்டார் சில ஊர்களில் பெரிய நிலையங்களை முதன்மைச் செயற்கைக்கோளிலும், ஸ்பானிய மொழி, சமய, பொதுத்துறை நிலையங்களை வேறொரு செயற்கைக்கோளிலும் வைத்து, அவற்றைப் பார்க்க இரண்டாவது டிஷ் பொருத்திக்கொள்ளச் சொன்னது. எல்லா உள்ளூர் நிலையங்களும் ஒரே டிஷ்ஷில் வர வேண்டும் என்று 2004இல் நாடாளுமன்றம் இதற்கும் ஒரு விதி எழுத வேண்டி வந்தது. எந்த ஊர் எதற்கு உள்ளூர் என்பதைத் தீர்மானித்தவர்களோ பார்வையாளர் கணக்கெடுக்கும் நீல்சன் நிறுவனத்தார். விளம்பர விற்பனைக்காக அவர்கள் நாட்டைப் பிரித்த 210 சந்தைப் பகுதிகளைச் சட்டம் அப்படியே எடுத்துக்கொண்டது. மாநில எல்லையை இந்தக் கோடுகள் பொருட்படுத்துவதில்லை. கொலராடோவின் தென்மேற்கிலுள்ள லா பிளாட்டா மாவட்டம் நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கி சந்தையில் சேர்ந்துவிட்டதால், அங்கே டிஷ் வைத்திருந்தவர்களுக்குத் தங்கள் மாநிலத் தேர்தல் செய்திகளும் டென்வர் அணியின் கால்பந்தாட்டங்களும் எளிதில் கிட்டவில்லை. 2014ஆம் ஆண்டுச் சட்டம் தந்த வழியில் அந்த மாவட்டம் மனுச் செய்து 2017இல் ஆணையத்தின் இசைவைப் பெற்றது. அதன் பின்னரும் டென்வர் நிலையங்களின் ஒப்புதல் தனியே தேவைப்பட்டது.

ஊருக்கு ஒரு கேபிள் என்ற நிலை போய், கேபிளோடு இரண்டு டிஷ் நிறுவனங்கள் போட்டியிட வந்ததும், நிலையத்தின் கை ஓங்கியது. ஒருவர் மறுத்தால் இன்னொருவரிடம் மாறிக்கொள்ளுங்கள் என்று தன் அலையிலேயே விளம்பரம் செய்ய நிலையத்தால் முடிந்தது. அதன் பலனைச் சிறுநகர நிலையங்களே முதலில் சுவைத்தன. டெக்சாஸ், மிசூரி மாநிலங்களில் நெக்ஸ்டார் நிறுவனம் 2005 ஜனவரியில் ரொக்கம் கேட்டுத் தன் நிலையங்களைக் காக்ஸ், கேபிள் ஒன் ஆகிய கேபிள்களிலிருந்து விலக்கிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருந்தது. இந்த நெக்ஸ்டாரின் முதல் நிலையம் 1996இல் வாங்கப்பட்ட ஸ்க்ரான்டன் நகரத்து நிலையம். பிலடெல்பியாவின் அலையை இலவசமாக எடுத்துக் கம்பியில் விற்ற அதே பென்சில்வேனிய நிலக்கரி வட்டாரத்திலிருந்துதான், அலைக்கு விலை கேட்பதில் முன்னோடியான நிறுவனமும் கிளம்பியது. 2006ஐ ஒட்டி ஆண்டுக்குச் சுமார் 20 கோடி டாலராக இருந்த இக்கட்டண வருவாய், 2010கள் முடிவதற்குள் 1,000 கோடி டாலரைத் தாண்டியது.

இந்தப் பணத்தில் உள்ளூரின் பங்கு எவ்வளவு என்பது வேறு கேள்வி. முன்னர் நெட்வொர்க்குகள் தம் நிகழ்ச்சிகளை ஒளிபரப்பும் இணைப்பு நிலையங்களுக்குப் பணம் கொடுத்துவந்தன. கட்டணம் வளர்ந்ததும், அந்தப் பணத்தில் பங்கு தந்தால்தான் இணைப்பு நீடிக்கும் என்று கேட்கத் தொடங்கின. ஊர்ச் செய்தி, வானிலை, மேயர் தேர்தல் ஆகியவற்றின் பெயரால் வாங்கும் தொகையில் பெரும்பகுதி, நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் இருந்தபடி தேசியக் கால்பந்து லீகின் ஆட்டங்களுக்கு உரிமை வாங்கும் நெட்வொர்க்குகளிடம் போய்ச் சேர்கிறது. நிலைய உரிமையாளர்கள் இதை மறுப்பதில்லை. அந்த ஆட்டங்கள் இலவச அலையில் நிலைத்திருப்பது இதனால்தான் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை. எனினும் உள்ளூர்த் தன்மையைக் காக்க எழுதிய சட்டம், உள்ளூர் என்ற எல்லைக்கோட்டையே விற்பனைப் பொருளாக்கியது என்ற முடிவைத் தவிர்ப்பது கடினம். தொலைதூர நிலையத்தை வாங்கிக்கொள்ளும் வழி அடைபட்டிருப்பதால்தானே பக்கத்து நிலையத்துக்கு அந்த விலை கிடைக்கிறது.

இருட்டடிப்பின் காலத்தைக் குறிப்பதில் இரு தரப்பும் தேர்ச்சி பெற்றவர்கள். 2004 மார்ச்சில், கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டிகளுக்குச் சற்று முன், சிபிஎஸ்ஸின் உரிமையாளரான வயாகாமும் எக்கோஸ்டாரும் மோதியதில், நெட்வொர்க் தன் வசம் வைத்திருந்த நிலையங்கள் பெருநகரங்களில் இரண்டு நாள் மறைந்தன. அதே நிறுவனத்தின் எம்டிவி, நிக்கலோடியன் போன்ற அலைவரிசைகளும் நாடெங்கும் கூடவே மறைந்தன. உள்ளூர் நிலையத்தின் ஒப்புதலோடு கேபிள் அலைவரிசைகளையும் ஒரே கட்டாக விற்கும் 1993இன் பழக்கம் இங்கே ஆயுதமாகியிருந்தது. பார்வையாளர் எண்ணிக்கை கணக்கெடுக்கும் மாதங்களில் நிலையத்தை நீக்கக் கூடாது என்ற பழைய விதி கேபிளை மட்டுமே கட்டுப்படுத்தியது. 2000 மே மாதத்தில் ஏபிசி நிலையங்களை 35 லட்சம் வீடுகளில் நிறுத்திய டைம் வார்னர் கேபிளை ஆணையம் கண்டித்தது அந்த விதியை வைத்துத்தான். டிஷ் நிறுவனங்களுக்கு அந்தக் கடிவாளம் கிடையாது. அவற்றுக்கும் நிலையங்களுக்கும் பொதுவாக இருந்த கடமை நல்லெண்ணத்தோடு பேச வேண்டும் என்பது ஒன்றே. பேசினால் போதும், உடன்பட வேண்டியதில்லை என்பதால் அதனை மீறியதாக நிறுவுவது அரிதினும் அரிது.

நிலையங்கள் சில கைகளில் குவியக் குவிய ஒவ்வொரு மோதலின் பரப்பும் விரிந்தது. 2015 ஆகஸ்ட் 25 அன்று சின்க்ளேர் நிறுவனத்தின் 129 நிலையங்கள் 79 சந்தைகளில் டிஷ் நெட்வொர்க்கிலிருந்து மறைந்தபோது, ஆணையத் தலைவர் டாம் வீலர் நேரடியாகத் தலையிட, மறுநாளே உடன்பாடு வந்தது. அடுத்த ஆண்டு டிரிப்யூன் நிறுவனத்தின் 42 நிலையங்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரை வரவில்லை. 2019 கோடையில் டைரெக்டிவியை வைத்திருந்த ஏடி அண்ட் டியோடு நெக்ஸ்டார் ஏறத்தாழ இரண்டு மாதம் மோதியது. 2020 டிசம்பரில் அதே நெக்ஸ்டாரின் 164 நிலையங்கள் 115 சந்தைகளில் டிஷ்ஷை விட்டு நீங்கி, கிறிஸ்துமஸ் அன்று திரும்பின. பணமே பேரப் பொருளாக இருந்ததென்றும் சொல்ல முடியாது. விளம்பரங்களைத் தானே தாண்டிச் செல்லும் ஆட்டோஹாப் என்ற வசதியை டிஷ் 2012இல் தன் பெட்டியில் வைத்தபோது நெட்வொர்க்குகள் வழக்குத் தொடுத்தன. 2014இல் டிஸ்னியோடு செய்த ஒப்பந்தத்தில், ஏபிசி நிகழ்ச்சிகளுக்கு அந்த வசதி மூன்று நாள் கழித்தே இயங்கும் என்று டிஷ் விட்டுக்கொடுத்தது.

தொலைதூர நிலையங்கள் என்ற பழைய வாசல் இதற்கிடையே ஏறக்குறைய மூடப்பட்டுவிட்டது. சேவை எட்டாத வீடு என்ற வரையறையை வேண்டுமென்றே மீறியதாகக் கண்டு, 2006 டிசம்பர் 1 முதல் எக்கோஸ்டார் எந்த வீட்டுக்கும் தொலைதூர நெட்வொர்க் நிலையங்களைத் தரக் கூடாது என்று நீதிமன்றம் தடுத்தது. 210 சந்தைகளிலும் உள்ளூர் நிலையங்களை ஏற்றினால் அந்தத் தடை நீங்கும் என்று 2010ஆம் ஆண்டுச் சட்டம் சலுகை காட்ட, மொன்டானாவின் கிளெண்டைவ் வரை டிஷ் போய்ச் சேர்ந்தது. சில ஆயிரம் வீடுகளே உள்ள கிளெண்டைவ் நீல்சன் பட்டியலின் கடைசிச் சந்தை. சிபிஎஸ், என்பிசி இரண்டையும் அங்கே ஒரே நிலையம் சுமக்கிறது. டைரெக்டிவி அந்த ஊரையும், மிச்சிகனின் அல்பீனா, நெப்ராஸ்காவின் நார்த் பிளாட் முதலான வேறு சில சந்தைகளையும் எட்டாமல், அங்கெல்லாம் தொலைதூர நிலையங்களைக் கொண்டே சமாளித்துவந்தது. 2019 டிசம்பரில் நிறைவேறிய சட்டம், ஐந்தாண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்பட்டுவந்த தொலைதூர நிலைய உரிமத்தை நிரந்தரமாக்கியது. கூடவே, 210 சந்தைகளுக்கும் உள்ளூர் நிலையம் தரும் நிறுவனத்துக்கே அது கிடைக்கும் என்றும், ஏதேனும் ஒரு நெட்வொர்க்கின் நிலையமே இல்லாத சந்தைகளின் வீடுகளைத் தவிர, நெடுஞ்சாலைச் சரக்கு லாரிகளுக்கும் வீடாகப் பயன்படும் சுற்றுலா வண்டிகளுக்கும் மட்டுமே அது செல்லும் என்றும் சுருக்கியது.

2024 செப்டம்பரில் டைரெக்டிவியின் 1.1 கோடிக்கும் மேற்பட்ட சந்தாதாரர்களுக்கு டிஸ்னியின் அலைவரிசைகள் இரண்டு வாரம் வராதிருந்து, ஏபிசியில் எம்மி விருது விழா ஒளிபரப்பாகும் நாளுக்கு முதல் நாள் திரும்பின. உள்ளூர் நிலையங்கள் வேண்டாம் என்பவர்களுக்கு மாதக் கட்டணத்தில் கழிவு தரும் ஏற்பாட்டை இரு டிஷ் நிறுவனங்களும் அதற்கு முன்பே தொடங்கியிருந்தன. இருட்டடிப்பு நேர்ந்த ஊர்களில், காற்றில் வரும் அலையை நேரே பிடித்துக்கொள்ளும்படி டிஷ் நெட்வொர்க் தன் சந்தாதாரர்களின் வீடுகளில் இலவசமாக ஆன்டெனா பொருத்திக் கொடுத்தது.